சாக்கின் எடை

காலிச் சணல் சாக்கு ஒன்று எவ்வளவு கனம் இருக்கும்? 2014 வரை எனக்குத் தெரியாது. அந்த வருடம் மாசி மாதத்தில் ஒரு ராத்திரி, கடை சாத்துகிற நேரமாகப் பார்த்து எங்கள் தெரு முனை மளிகைக் கடைக்குப் போய், துவரம்பருப்பு வந்து இறங்கிய பழைய சாக்கு ஒன்றை வாங்கி உதறி, நாலாக மடித்து அவருடைய எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். 920 கிராம் காட்டியது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்ன வக்கீல் சார், சாக்கு யாவாரத்துல எறங்கிட்டீகளா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

கஞ்சாவைப் பிடித்தபோது போலீஸ் எழுதி, என் கையில் இருந்த மகஜரில் 'சாக்குடன் சேர்த்து 20 கிலோ 600 கிராம்' என்று எழுதியிருந்தது. சப்-இன்ஸ்பெக்டரோ அவருக்கு எழுதிக் கொடுத்த ஏட்டோ யோசிக்காமல் போட்ட அந்த 'சாக்குடன் சேர்த்து' என்ற இரண்டு வார்த்தைதான் என் மொத்த வழக்கும். 20 கிலோ 600 கிராமில் 920 போனால் 19 கிலோ 680. கஞ்சாவில் 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. கோர்ட்டில் அதை யாரும் தமிழில் சொல்வதில்லை, கமர்ஷியல் குவாண்டிட்டி என்றுதான் சொல்வார்கள். தாண்டாவிட்டால் அடிதடி, திருட்டு வழக்கில் பார்ப்பது போல ஜாமீனைப் பார்க்கலாம். தாண்டிவிட்டால் போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவு வந்து வாசலை மறித்து உட்கார்ந்துகொள்ளும். தண்டனையும் அப்படித்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் பத்து வருடம் என்பது அதிகபட்சம், அந்தப் பக்கம் பத்து வருடம் என்பது குறைந்தபட்சம். நடுவில் ஒரு பருப்புச் சாக்கு.

பையன் உசிலம்பட்டிப் பக்கம். வயது 23. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். (ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்று சிலதை மாற்றியிருக்கிறேன், எடையை மட்டும் மாற்றவில்லை.) தேனிப் பக்கமிருந்து ஒரு சாக்கை ஏற்றிக்கொண்டு வந்து மதுரையில் ஓர் ஆளிடம் இறக்கிவிட்டால் 3000 ரூபாய் என்று பேச்சு. இறக்கப் போகிற ஆள் யார், ஏற்றிவிட்ட ஆள் யார் என்பதெல்லாம் எஃப்.ஐ.ஆரில் 'பெயர் விலாசம் தெரியாத நபர்' என்ற ஒரே வரியில் முடிந்துபோனது. உள்ளே என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது என மனுவில் எழுதினேன். அவன் என்னிடம் தெரியும் என்று சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. ஆனால் சாதாரணமாக ஆயிரத்துக்கு வாடகை போகிற தூரத்துக்கு மூவாயிரம் கொடுக்கிறார்கள் என்றால் சாக்குக்குள் கத்தரிக்காய் இருக்காது என்று லோடு ஆட்டோக்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா என்ன.

அவனுக்கு அப்பா இல்லை. அப்பத்தாதான் வந்தது, மஞ்சப்பையில் ரேஷன் கார்டு, வீட்டுப் பட்டா, பையனுடைய பத்தாங்கிளாஸ் மார்க் சீட் எல்லாம் எடுத்துக்கொண்டு. மார்க் சீட் எதற்கு என்று நான் கேட்கவில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அது கேட்ட முதல் கேள்வியே என்னை மடக்கிவிட்டது.

"ஏஞ்சாமி, கொலை பண்ணுனவனே தொண்ணூறு நாள்ல வெளிய வந்துர்றானாம்ல? எம்பேரன் என்ன கொலையா பண்ணிப்புட்டான்?"

ஊரில் யாரோ விவரமானவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். சொன்னது சரிதான். கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் கேட்டு வாங்கிக்கொள்வது உரிமை. போதைப்பொருள் வழக்கில் வணிக அளவு என்றால் அந்த 90, 180 ஆகிவிடும். அரசு வக்கீல் தகுந்த காரணம் காட்டி அறிக்கை கொடுத்தால் ஒரு வருடம் வரைக்கும்கூட நீட்டலாம். "இது வேற சட்டம் ஆத்தா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்த வேறு சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1985இல் வந்த சட்டம் இது. அப்போது 37ஆம் பிரிவில் இந்தக் கடுமை இல்லை. 1989இல் திருத்தினார்கள், 2001இல் மறுபடி திருத்தினார்கள். இப்போது அது சொல்வது இதுதான்: வணிக அளவு வழக்கில் அரசு வக்கீல் ஜாமீனை எதிர்த்தால், நீதிபதிக்கு இரண்டு விஷயத்தில் திருப்தி வந்தாக வேண்டும். இந்த ஆள் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என்பது ஒன்று. வெளியே போனால் இவன் ஜாமீன் காலத்தில் எந்தக் குற்றமும் செய்ய மாட்டான் என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

முதலாவதைப் பாருங்கள். விசாரணையே ஆரம்பிக்கவில்லை, ஒரு சாட்சியும் கூண்டேறவில்லை, நீதிபதி முன்னால் இருப்பது போலீஸ் எழுதிய காகிதம் மட்டும். அதை வைத்துக்கொண்டு இவன் குற்றவாளி இல்லை என்று நம்ப வேண்டும். இரண்டாவது சுத்தமாக ஜோசியம். என் சொந்தத் தம்பி அடுத்த மாதம் ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுவான் என்றுகூட நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். நடைமுறையில் இந்த ஜோசியத்தை 'முன் வழக்கு இருக்கா?' என்ற ஒரே கேள்வியாகச் சுருக்கிவிட்டார்கள். முன் வழக்கு இருந்தால் மேற்கொண்டு பேச்சில்லை. இல்லாவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, அவ்வளவுதான்.

முதல் நிபந்தனைக்குத்தான் நாங்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு அலைவது. இந்தச் சட்டத்தில் எடை அளவுகளை ஓர் அறிவிக்கையாக 2001 அக்டோபரில் வெளியிட்டார்கள். கஞ்சா ஒரு கிலோவுக்குக் கீழே சிறு அளவு, 20 கிலோவுக்கு மேலே வணிக அளவு. ஹெராயின் என்றால் 5 கிராம், 250 கிராம். மெத்தாம்பெட்டமின் 2 கிராம், 50 கிராம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. குறிப்பிட்ட அளவை 'விட அதிகம்' இருந்தால்தான் வணிக அளவு என்கிறது சட்டம். சரியாக 20 கிலோ என்றால் அது வணிக அளவு இல்லை. இருபதே கிலோ, ஒரு கிராம் கூட இல்லை என்று வந்த எஃப்.ஐ.ஆரைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு வந்த வழக்குக் கட்டுகளில் 21, 22 கிலோதான் அதிகம். மலையிலேயே அப்படித்தான் கட்டி அனுப்புகிறார்களா, இங்கே வந்து அப்படி எடை நிற்கிறதா என்பதை நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் விட்ட நுனிப்பகுதி. அந்த நுனி சேராமல் தனியாக இருக்கிற இலையும் விதையும் கணக்கில் வராது. ஆனால் சாக்கில் வருவது தோட்டத்துக் குப்பை மாதிரி எல்லாம் கலந்து, தண்டோடும் காம்போடும் அமுக்கிக் கட்டின பொதி. சாக்கு, உள்ளே சுற்றின பாலித்தீன், பிரவுன் டேப், தண்டு என்று எல்லாவற்றையும் கழித்தால் சுத்த எடை என்ன என்பதை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய இடம் விசாரணை. விசாரணை வர மூன்று வருடமாகும். அதுவரைக்கும் சாக்கும் கஞ்சாதான்.

சிறப்பு நீதிமன்றத்தில் அதையே வாதாடினேன். 920 கிராம் கதையைச் சொன்னபோது நீதிபதி லேசாகச் சிரித்தார். அப்புறம் 'எடை குறித்த வாதம் விசாரணையின்போது ஆராயப்பட வேண்டியது' என்று தள்ளுபடி செய்தார். தப்பென்று சொல்ல முடியாது. நான் என் தெருக் கடையில் பருப்புச் சாக்கை எடை போட்டதை எந்தச் சட்டத்தில் சாட்சியமாக எடுத்துக்கொள்வார்?

அப்புறம் ஒத்தக்கடை. யானைமலையைப் பார்த்தபடி இருக்கிற உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலையில் திறந்தது. அதற்கு முன்னால் உசிலம்பட்டிக்காரனுக்கு ஹைகோர்ட் ஜாமீன் என்றால் சென்னைக்கு ராத்திரி ரயிலேற வேண்டும். இப்போது மாட்டுத்தாவணியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம், அது பெரிய விஷயம்தான். ஆனால் அங்கே ஜாமீன் பட்டியல் இருக்கிறதே, சில நாள் நூற்றுக்கு மேல் போகும். என் மனு 74ஆவது. ஒரு வழக்குக்கு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். பின்னால் சுவரை ஒட்டி, சம்பந்தப்பட்ட ஸ்டேஷன் எஸ்.ஐ. ஒருவர் ஃபைலோடு நின்றுகொண்டிருப்பார், ராத்திரி ரோந்து முடித்து அப்படியே வந்த கண்ணோடு. அரசு வக்கீல் திரும்பி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, "கமர்ஷியல் குவாண்டிட்டி மிலார்ட், 37 பார் இருக்கு" என்பார். அந்த 'பார்' என்ற சொல் அங்கே விழுகிற சத்தம் எனக்குப் பழகிவிட்டது, கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது மாதிரி. நான் சாக்கை ஆரம்பித்தேன். நீதிபதி மகஜரைப் புரட்டிப் பார்த்தார், அந்த வரியைக் கண்டுபிடித்து இரண்டு முறை படித்தார் என்றே நினைக்கிறேன். பிறகு நிமிர்ந்து, "இப்போதைக்கு வாபஸ் வாங்கிக்கிறீங்களா, இல்ல ஆர்டர் போடவா?" என்றார்.

இந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியாமல் பெயில் வக்கீலாக இருக்க முடியாது. ஆர்டர் போடச் சொன்னால் தள்ளுபடி, அதிலும் காரணங்களோடு. வாபஸ் வாங்கினால் கொஞ்ச நாள் கழித்து மறுபடி வரலாம். வாபஸ் வாங்கினேன். வெளியே வராந்தாவில் அப்பத்தா, "என்னய்யா சொன்னாக?" என்றது. "இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்னாக" என்றேன். முழுப் பொய்யில்லை.

நீதிபதிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடக்கிற கூட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரும் உண்டு. நான் ஒருநாள் இதைப் பற்றிக் கொஞ்சம் காரமாகவே பேசிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, தள்ளுபடி பண்ணினா ஒரு பாரா போதும், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. குடுத்தா, ஏன் குடுத்தேன்னு ரெண்டு விஷயத்துக்கும் திருப்தி எழுதணும். எழுதலேன்னா மேல ரத்து பண்ணுவாங்க. எழுதினாலும், வெளிய போனவன் மறுபடி ஒரு மூட்டையோட மாட்டினா, என் ஆர்டரைத்தான் எடுத்துப் படிப்பாங்க" என்றார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "உங்க ஆளு உள்ள இருந்தா அவனும் அவன் குடும்பமும் மட்டும்தான் பாதிக்கப்படும். அது என் ஆர்டர்ல தெரியாது" என்றார். அவர் அதை வருத்தமாகச் சொன்னாரா, விளக்கமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மேலே இருந்து வருகிற தீர்ப்புகளும் ஒரு பக்கமாக வருவதில்லை. 2022இல் மோஹித் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தனை நாள் உள்ளே இருந்தான், குற்றப்பத்திரிகை போட்டாயிற்று என்பதெல்லாம் மட்டும் 37ஆம் பிரிவைத் தாண்டப் போதாது என்றது. அடுத்த வருடமே முகமது முஸ்லிம் வழக்கில், ஏழு வருடத்துக்கு மேல் விசாரணைக் கைதியாக இருந்த ஒருவருக்கு ஜாமீன் கொடுத்து, 37ஐ எழுத்துக்கு எழுத்து அப்படியே படித்தால் யாருக்குமே ஜாமீன் கிடைக்காது, மேலோட்டமாகப் பார்த்துத் திருப்தி வந்தால் போதும், விசாரணை அநியாயமாக இழுத்தால் அதுவும் ஒரு காரணம்தான் என்றது. சிறையில் நீண்ட நாள் கிடப்பதில் அடிமட்டத்துக் குடும்பங்கள் என்ன ஆகின்றன, பிழைப்பு எப்படிப் போகிறது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் அதை எடுத்துக்கொண்டு போகிறோம், அரசு வக்கீல் 2022ஐ எடுத்துக்கொண்டு வருகிறார். அன்றைக்கு நீதிபதி எதை முதலில் கையில் எடுக்கிறார் என்பதில் இருக்கிறது ஒருவன் தீபாவளிக்கு வீட்டில் இருப்பதும் அரசரடி மத்தியச் சிறையில் இருப்பதும்.

சரி, கஞ்சா வழக்கென்றால் எல்லாரும் பாவம் என்று எழுதப் போகிறேன் என நினைத்தால், அதுவுமில்லை. எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். மகன் பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனான். அவன் கண்ணைப் பார்த்தால் போதும், காரணம் கேட்க வேண்டியதில்லை. ஒருநாள் பார்சல் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "தம்பி, தப்பா எடுத்துக்காதீக. நீங்கதான அவனுகள வெளிய எடுத்து விடுறீக. மூலையில நின்னு விக்கிறவன போலீஸ் புடிச்சிட்டுப் போய் பதினஞ்சு நாள்கூட ஆகல, அதே மூலையில வந்து நிக்கிறான். எம்மகனப் பாத்து சிரிக்கிறான்."

இந்த அக்காவுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்றால், சாம்பார் கொஞ்சம் அதிகமாக ஊற்றுங்கள் என்றேன். பதில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

ஏனென்றால் அந்த மூலையில் நிற்பவன் கெட்டிக்காரன். அவன் பையில் எப்போதும் ஒரு கிலோவுக்குக் கீழேதான். சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்து வைத்திருப்பான், தீர்ந்தால் போய் எடுத்து வருவான். மாட்டினால் சிறு அளவு, ஒரு வருடம் வரைதான் தண்டனை, 37 கிட்டேகூட வராது, ஜாமீன் சீக்கிரம் கிடைக்கும். வருடம் முழுக்க விற்றதைக் கூட்டினால் பல மூட்டை வரும், ஆனால் சட்டத்தின் தராசு அன்றைக்குப் பையில் இருந்ததை மட்டும்தான் நிறுக்கும். ஆந்திர, ஒடிசா எல்லை மலையில் மூட்டை கட்டி அனுப்புகிறவனோ, இங்கே மொத்தமாக எடுத்துப் பிரித்து விடுகிறவனோ சாக்கைத் தொடுவதே இல்லை, தராசு அவர்கள் பக்கம் வரவே வராது. நடுவில் ஒரு ராத்திரி மட்டும் சாக்கைச் சுமந்தவன், ரயிலில் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு வந்த பெண்பிள்ளை, லோடு ஆட்டோக்காரன், இவர்கள் தோளில்தான் முழு எடையும் ஏறும். போலீஸுக்கும் இது தெரியும். அதனால்தான் ஜாமீனில் வருகிற ஆட்கள் மேல் 1982ஆம் வருடத்துக் குண்டர் சட்டத்தைப் போடுவது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே போதைப்பொருள் குற்றவாளி உண்டு, ஒரு வருடம் வரை விசாரணையில்லாமல் வைக்கலாம். ஒரு கதவு திறந்தால் இன்னொரு கதவு. அது தனிக் கதை, இன்னொரு நாள்.

பையனுக்கு வருகிறேன். எடையில் தோற்றாயிற்று, அடுத்து மிச்சமிருந்தது காலண்டர். எங்கள் குமாஸ்தா அண்ணன் மேஜைக்குப் பின்னால் தினசரி காலண்டர் ஒன்று மாட்டியிருக்கும். ஒவ்வொரு ரிமாண்ட் வழக்குக்கும் கணக்குப் போட்டு, அந்தத் தேதித் தாளைத் தூக்கி, உள்ளே பென்சிலால் வழக்கு எண்ணைக் குறித்து வைப்பார். காலையில் தாளைக் கிழிக்கும்போது எண் வந்தால் அன்றைக்கு மனு. ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ண வேண்டுமா கூடாதா என்பதில் அப்போது ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருந்தார்கள். 2023இல்தான் உச்ச நீதிமன்றம் சேர்த்தே எண்ண வேண்டும் என்று முடித்துவைத்தது. அண்ணன் எந்தக் கணக்குக்கும் இடிக்காத மாதிரி ஒரு நாள் தள்ளியே குறிப்பார். எந்தக் கணக்கில் எண்ணினாலும் ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமையோடு 180 முடிந்தது. குற்றப்பத்திரிகை வரவில்லை. நீட்டிக்கச் சொல்லி அரசு வக்கீல் அறிக்கையும் வரவில்லை. வியாழக்கிழமைத் தாளுக்குள் பென்சில் எண் இருந்தது.

வியாழக்கிழமை கோர்ட் புறக்கணிப்பு.

எதற்கான புறக்கணிப்பு என்று இப்போது யோசித்தால் எனக்கே நினைவில் வரவில்லை. அந்தக் காலத்தில் அவ்வளவு இருந்தது. வாசலில் வக்கீல்கள் நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் நின்றேன். மனு டைப் அடித்துப் பைக்குள் இருந்தது. அவசர மனு என்று சொல்லி உள்ளே போயிருக்கலாம். ஒன்றிரண்டு பேர் பின்வாசல் வழியாகப் போகவும் செய்தார்கள், அவர்கள் பெயரைப் பற்றி வெளியே என்ன பேசினார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். இன்றைக்கு ஒரு நாள்தானே, 180 நாள் இருந்தவன் இன்னொரு நாள் இருக்க மாட்டானா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குமாஸ்தா அண்ணன் மட்டும் என் பக்கத்தில் வந்து, "சார், நான் வேணா கவுன்டர்ல குடுத்துட்டு வந்துரவா?" என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம் அண்ணே, பிரச்சினையாகிவிடும், நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கவுன்டரில் மனுவைக் கொடுத்தபோதுதான் சொன்னார்கள், முந்தின நாள் மத்தியானம் மூன்று மணிக்குக் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது என்று. போலீஸுக்குப் புறக்கணிப்பு கிடையாதே.

குற்றப்பத்திரிகைக்கு முன்னால் மனு போட்டிருந்தால் உரிமை, பின்னால் போட்டால் ஒன்றுமில்லை. இதில் நீதிபதி திருப்திப்பட வேண்டியது, ஜோசியம் பார்க்க வேண்டியது எதுவுமே கிடையாது. 37ஆம் பிரிவுகூடக் குறுக்கே வராது. சட்டத்திலேயே ஆளைப் பார்க்காமல், எடையைப் பார்க்காமல், தேதியை மட்டும் பார்த்துக் கொடுக்கிற ஒரே ஜாமீன் இதுதான், அதை நான் வாசலில் நின்று கோஷம் போட்டுத் தொலைத்தேன். 2020இல் எம். ரவீந்திரன் வழக்குத் தீர்ப்பு வந்தபோது நான் அதை முழுசாகப் படிக்க இரண்டு நாள் ஆனது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. அதிலும் 180 நாள் முடிந்த மறுநாள், காலையில் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் மனு, அதே நாள் அப்புறமாகக் குற்றப்பத்திரிகை. காலையில் மனு போட்டாயிற்று, அதனால் ஜாமீன் என்றது உச்ச நீதிமன்றம். காலையில் மனு. அவ்வளவுதான்.

அப்பத்தாவிடம் நான் புறக்கணிப்பைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், அதற்கு எதுவும் புரிந்திருக்காது. சொன்னேன். அது கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அன்னைக்கி நீங்க எதுக்குய்யா வேலை செய்யல?" என்று கேட்டது. கோபமாக இல்லை, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டது.

விசாரணை 2017இல் முடிந்தது. குறுக்கு விசாரணையில் எஸ்.ஐ.யிடம் சாக்கைத் தனியாக எடை போட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். சாக்கோடு சேர்த்துத்தான் எடை பார்த்தீர்களா என்றேன். ஆமாம் என்றார். மொத்தம் நாலு நிமிடம் ஆகியிருக்கும். வணிக அளவு என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, அதற்குக் குறைந்த அளவுக்கான பிரிவில் தண்டித்து, ஏற்கெனவே சிறையில் இருந்த காலத்தையே தண்டனையாக வைத்து வெளியே விட்டார்கள். மூன்று வருடத்துக்குச் சற்று மேல். இருபது கிலோவுக்குக் கீழே என்று முதல் நாளே எழுதியிருந்தால் மூன்று மாதத்தில் ஜாமீனில் வந்திருப்பான், தண்டனையும் அவ்வளவு வந்திருக்குமா என்று தெரியாது. அந்த நாலு நிமிடக் கேள்விக்கு மூன்று வருடம் காத்திருந்தோம்.

இதில்தான் எனக்குத் தீராத கோபம். 37ஆம் பிரிவு கடுமையாக இருப்பது எனக்குப் பெரிய பிரச்சினையில்லை. இட்லிக் கடை அக்காவைத் தெரிந்தவன் அதை ரத்து செய் என்று வாய் கூசாமல் சொல்ல முடியாது. ஆனால் 1989 திருத்தத்தை எடுத்துப் பாருங்கள், ஜாமீனை இறுக்கிய அதே திருத்தத்தில்தான் சிறப்பு நீதிமன்றங்களையும் கொண்டுவந்தார்கள். இரண்டும் ஒரே கை எழுதியது. ஜாமீன் கொடுக்க மாட்டேன், ஆனால் உன் வழக்குக்கென்று தனிக் கோர்ட் வைத்துச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன் என்பதுதான் பேச்சு. 1994இலேயே உச்ச நீதிமன்றம் இதைக் கவனித்து, விசாரணை நகராமல் கிடக்கிறவர்கள், பத்து வருடக் குறைந்தபட்ச தண்டனை உள்ள வழக்கில் ஐந்து வருடம் கழித்துவிட்டால் ஜாமீனில் விடுங்கள் என்றது. முப்பது வருடத்துக்கு முன்னால் அது பெரிய தீர்ப்பு. இன்றைக்கும் நாங்கள் அதைத்தான் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதை என்ன சொல்ல? பேச்சின் ஒரு பாதியை மட்டும் ஒழுங்காக நிறைவேற்றினார்கள்.

தனிக் கோர்ட்டுக்கும் பிடித்த பொருள் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டுமே. சென்னையில் 2023இல் ஒரு 22 கிலோ வழக்கில் கஞ்சாவை எலி தின்றுவிட்டது என்று போலீஸ் சொல்லி, இரண்டு பேர் விடுதலையானார்கள். அதற்கு முந்தின வருடம் உத்தரப்பிரதேசத்து மதுராவில் 500 கிலோவுக்கு மேல் எலி தின்றதாகக் கோர்ட்டிலேயே சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் அது மதுரை என்று சுற்றி, எனக்கு ஏழெட்டுப் பேர் அனுப்பிவைத்தார்கள். நம் ஊர் எலி இல்லை என்று ஒவ்வொருவருக்கும் பதில் போட்டேன்.

பையன் இப்போது உசிலம்பட்டியிலிருந்து மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலை லோடு அடிக்கிறான். சொந்த வண்டி இல்லை. எப்போதாவது ஒத்தக்கடை ரோட்டில் பார்த்தால் ஹாரன் அடித்துக் கையைத் தூக்குவான். நிறுத்திப் பேசியதில்லை, நானும் நிறுத்தச் சொன்னதில்லை. அப்பத்தா இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.

இதை இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், குமாஸ்தா அண்ணன் காலண்டரில் நாளைக்கு ஒரு எண் இருக்கிறது. கம்பத்துப் பெண், 38 வயது, ரயிலில் பிடித்த வழக்கு, 24 கிலோ, சாக்கு இல்லை, டிராவல் பேக். இன்றோடு 180. சாயங்காலம் வரை குற்றப்பத்திரிகை வரவில்லை, நீட்டிப்பு அறிக்கையும் இல்லை என்று அண்ணன் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இப்போது இ-ஃபைலிங் இருக்கிறது, ராத்திரி பன்னிரண்டு தாண்டியதும் வீட்டிலிருந்தே போட்டுவிடலாம். போட்டுவிடுவேன். ஆனாலும் காலையில் பத்து மணிக்குக் காகிதத்தோடு நேரில் போய் நிற்பதாக அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். நாளைக்குப் புறக்கணிப்பு ஏதாவது இருக்கிறதா என்று நாலு பேருக்குப் போன் போட்டுக் கேட்டேன். மூன்று பேர் இல்லை என்றார்கள். நாலாவது ஆள் இன்னும் எடுக்கவில்லை.